எட்டு வயதில் தொடங்க வேண்டிய பேச்சு

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் வளரிளம் பருவத்தைப் பற்றிய பாடம் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வருகிறது. அதைப் படிக்கும்போது பிள்ளைக்கு 13 வயது. அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளில் பலர் ஆறாவதிலோ ஏழாவதிலோ வயதுக்கு வந்துவிட்டவர்கள். சிலருக்கு ஐந்தாவது படிக்கும்போதே வந்திருக்கும். பள்ளியில் சொல்லித் தருவார்கள் என்று வீட்டில் எல்லோரும் சும்மா இருந்துவிட்டால், அந்தப் பெண் தன் முதல் ரத்தத்தை என்னவென்று தெரியாமல்தான் பார்ப்பாள். அதுவும் பெரும்பாலும் பள்ளிக் கழிப்பறையில், தனியாக. எங்கோ அடிபட்டுவிட்டது என்றோ, வெளியில் சொல்ல முடியாத நோய் வந்துவிட்டது என்றோ நினைத்து நடுங்குவாள். பெற்றவர்கள் மனது வைத்தால் இந்தப் பயத்தை முழுக்கத் தடுக்க முடியும். இந்த அத்தியாயத்தில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்: ரத்தம் வருவதற்கு முன்பே அவளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

8 வயதில் பேசத் தொடங்கலாம். "இத்தனை சின்னப் பிள்ளையிடமா?" என்று பாட்டிகள் கேட்பார்கள். பெண்ணுடலில் மாற்றம் 8 முதல் 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதே அதற்குப் பதில். முதலில் தெரிவது மார்பு. மார்பு அரும்பியதிலிருந்து ஏறக்குறைய 2 அல்லது 2½ ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வரும். உடல் இவ்வளவு நாள் முன்னறிவிப்புக் கொடுக்கிறது. அந்த இடைவெளியைப் பேசாமலே கழித்துவிட்டு, கடைசியில் ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டுவதுதான் நம் வீடுகளில் நடக்கிறது.

ஒரேயடியாக உட்கார வைத்துப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அப்படி நடத்தினால் பிள்ளை ஓடிவிடும். தலை பின்னிவிடும்போது, காய்ந்த துணியை மடிக்கும்போது, வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போகும்போது இரண்டு வார்த்தை பேசினால் போதும். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியிராத நேரத்தில் கூச்சம் குறைவு, உங்களுக்கும்தான். அவள் ஒரு கேள்வி கேட்டால் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "அதெல்லாம் அப்புறம்" என்று ஒருமுறை சொன்னீர்களென்றால், அடுத்த கேள்வியை அவள் தோழியிடமோ போனிடமோ கேட்பாள்.

மார்பு அரும்பும்போது

பெரும்பாலான வீடுகளில் பேச்சு தொடங்குவது இப்படித்தான்:

"அம்மா, இங்க ஒரு பக்கம் மட்டும் கட்டி மாதிரி இருக்கு. தொட்டா வலிக்குது."

"எந்தப் பக்கம்? இதுவா... இது கட்டி இல்லடா தங்கம். மாரு வளர ஆரம்பிக்குது. முதல்ல ஒரு பக்கம் வரும், அப்புறம் இன்னொரு பக்கம். எனக்கும் உன் வயசுல இப்படித்தான் வலிச்சுது."

"எல்லாருக்கும் வருமா?"

"பொம்பளைப் பிள்ளைங்க எல்லாருக்கும் வரும். சிலருக்கு எட்டு வயசுலயே வரும், சிலருக்குப் பன்னெண்டு ஆகும்."

இவ்வளவுதான். ஆனால் இந்த இடத்தில் பல அம்மாக்கள் பயந்துபோகிறார்கள். ஒரு பக்கம் மட்டும், காம்புக்கு நேர் கீழே, சின்ன நாணயம் அளவுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் கட்டியோ புற்றோ என்று மனம் பதறும். இரண்டு பக்கமும் ஒரே நாளில் வருவதில்லை. ஒன்று வந்து சில மாதம் கழித்து மற்றது வரும். அளவிலும் கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருக்கும். அழுத்திப் பார்க்கவோ எண்ணெய் தேய்த்துக் கரைக்கவோ வேண்டாம். கட்டி என்று தவறாக நினைத்து அந்த அரும்பை அறுத்து எடுத்துவிட்டால், அந்தப் பக்கம் மார்பு வளராமலே போய்விடும். சந்தேகம் தீரவில்லையென்றால் குழந்தைகள் நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

உள்ளாடையைப் பற்றியும் இப்போதே பேசிவிடலாம். தொடக்கத்தில் பருத்திச் சிம்மீஸ் போதும். ஓடி விளையாடும்போது உறுத்துகிறது, வலிக்கிறது என்று அவள் சொன்னால், கம்பி இல்லாத மெல்லிய ஸ்போர்ட்ஸ் பிராவோ சின்னப் பிள்ளைகளுக்கான பிராவோ வாங்கிக் கொடுங்கள். கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். இறுக்கிக் கட்டி மறைக்கச் சொல்லாதீர்கள். "குனியாதே, துப்பட்டா போடு, ஆம்பளைங்க முன்னாடி நிக்காதே" என்று திடீரென்று கட்டளைகள் மழையாகப் பொழியும் வயது இது. நேற்றுவரை தெருவில் ஓடித் திரிந்தவள், தன் உடம்பே ஏதோ குற்றம் செய்துவிட்டது போல் தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கத் தொடங்குவாள். அப்படிக் கூனி நடக்கும் பெண்பிள்ளைகளை எந்தப் பள்ளி வாசலிலும் பார்க்கலாம். பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது வலிக்கும்.

அடுத்தடுத்து வருபவை

அக்குளிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் முடி முளைக்கும், வியர்வையில் வாடை வரும், முகம் எண்ணெய் வழியும். தினமும் குளித்து, அக்குளைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுப் பருத்தி உள்ளாடை போட்டால் போதும். முடியை எடுக்கத்தான் வேண்டும் என்பதில்லை. பருவைக் கிள்ளக் கூடாது, முகத்தை நாளுக்கு இருமுறை கழுவினால் போதும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மருத்துவர் எழுதித் தராமல் மெடிக்கல்ஸில் கேட்டு வாங்கும் சிவப்பழகு க்ரீமை அவள் முகத்தில் தடவ விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்தவை அவற்றில் பல. முதலில் முகம் பளிச்சென்று தெரியும், பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பரு முன்னைவிட மோசமாகும்.

உயரம் வேகமாகக் கூடுவதும் இந்தக் கட்டத்தில்தான். வயதுக்கு வந்த பிறகு வளர்த்தி நின்றுவிடும் என்று ஊரில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வேகமான வளர்ச்சி முதல் மாதவிடாய்க்கு முன்பே நடந்துவிடும், அதன் பிறகு பொதுவாக இன்னும் 5 முதல் 7 செ.மீ. வரைதான் கூடும். ஆகவே வயிறார நல்ல சாப்பாடு கொடுக்க வேண்டிய காலம் இதுவே. இடுப்பிலும் தொடையிலும் சதை போடுவது வளர்ச்சியின் பகுதி. "குண்டாயிட்டியே" என்று அத்தையோ சித்தியோ சொன்னால் அவள் எதிரிலேயே மறுத்துப் பேசுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகக் காலைச் சாப்பாட்டை நிறுத்திவிடும் பிள்ளைகள் உண்டு.

முதல் மாதவிடாய்க்கு ஓராண்டோ ஆறு மாதமோ முன்பிருந்தே ஜட்டியில் வெள்ளையாகவோ லேசான மஞ்சளாகவோ கறை தெரியும். ஹார்மோன் சுரக்கத் தொடங்கியதன் அடையாளம் இது. வெள்ளைப்படுதல் என்றாலே உடம்பு உருகிப் போய்விடும், எலும்பு தேயும் என்றொரு பயம் நம் ஊரில் உண்டு. அதற்கு எந்த அடிப்படையும் இல்லை. அரிப்பு, கெட்ட வாடை, தயிர் போலத் திரிதிரியாக வருவது, பச்சை நிறம், ரத்தம் கலந்திருப்பது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி இந்தக் கறை தெரிந்ததும் பள்ளிப் பையில் பேட் வைத்துவிடுவது நல்லது.

மாதவிடாயைச் சொல்வது எப்படி

ஒரு தாளில் படம் போட்டுக் காட்டுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. கீழே மூன்று வழிகள்: முன்னால் மூத்திரம் போகும் வழி, நடுவில் ரத்தம் வரும் வழி, பின்னால் மலம் போகும் வழி. குழந்தை பெற்ற பெண்களிலேயே பலருக்கு முதல் இரண்டும் வேறு வேறு என்று தெரியாது. மாதவிடாய் நாளில் பேடோடு எப்படி ஒன்றுக்குப் போவது என்று குழம்பி அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் அடக்கியிருக்க மாட்டார்கள்.

பிறகு சொல்லுங்கள்: வயிற்றுக்குள் கர்ப்பப்பை இருக்கிறது. உன் கைமுட்டியைவிடச் சின்னது. இரண்டு பக்கமும் சினைப்பைகள். அவற்றிலிருந்து மாதம் ஒரு முட்டை வெளிவரும். குழந்தை உண்டானால் வளர்வதற்காகக் கர்ப்பப்பையின் உள்சுவர் ரத்தத்தோடு மெத்தென்று தடித்துக்கொள்ளும். குழந்தை உண்டாகாத மாதம் அந்தப் படலம் தேவைப்படாது, ரத்தத்தோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அடுத்த மாதம் மறுபடி வளரும். அது கெட்ட ரத்தம் இல்லை, அழுக்கும் இல்லை. 9 வயதுப் பிள்ளைக்கு இது தாராளமாகப் புரியும்.

"எவ்வளவு ரத்தம் போகும்?" என்று கட்டாயம் கேட்பாள். இருமல் மருந்து பாட்டிலின் 10 மில்லி மூடியை எடுத்து, மூன்று நான்கு மூடி தண்ணீர் அளந்து, கொஞ்சம் பீட்ரூட் சாறு கலந்து ஒரு டம்ளரில் ஊற்றிக் காட்டுங்கள். எல்லா நாளும் சேர்த்துப் பெரும்பாலோருக்குப் போகும் ரத்தம் அவ்வளவுதான், 30 முதல் 40 மில்லி. வேறு நீரும் கலந்து பேடில் பரவுவதால் பார்க்க அதிகமாகத் தெரியும். டம்ளரின் அடியில் கிடக்கும் அந்தக் கொஞ்சத்தைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் தெளிவதை நீங்களே காண்பீர்கள்.

முதல் முறை பலருக்குச் சிவப்பாகவே வராது என்பதையும் சொல்லிவையுங்கள். காபிப்பொடி நிறத்தில் ஒரு கறை, அவ்வளவுதான் இருக்கும். மலம் பட்டுவிட்டதென்று நினைத்து ஜட்டியை ஒளித்து வைத்துவிடும் பிள்ளைகள் உண்டு.

அடுத்தது பேட் போடும் பயிற்சி. ஒரு பாக்கெட்டைப் பிரித்து அவள் கையில் கொடுங்கள். பின்பக்கத் தாளை உரிக்கட்டும். பசையுள்ள பக்கம் ஜட்டியில் ஒட்ட வேண்டும், உடம்பில் இல்லை. இதைக்கூடச் சொல்லித் தரத்தான் வேண்டும். அகலமான பகுதி பின்னால் போகும், இறக்கைகள் ஜட்டிக்கு அடிப்பக்கமாக மடியும். அந்தப் பீட்ரூட் தண்ணீரையே மெதுவாக ஊற்றி, எப்படி இழுத்துக்கொள்கிறது என்று பார்க்கட்டும். ஒரு விடுமுறை நாளில் வீட்டில் இரண்டு மணி நேரம் போட்டுக்கொண்டு நடந்து, உட்கார்ந்து, படுத்துப் பார்க்கட்டும். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சியைப் பல மாதம் முன்பே தொடங்கி, மாதம் சில முறை செய்ய வேண்டும். கழற்றுவது, சுற்றுவது, கை கழுவுவது என்று ஒவ்வொன்றையும் படமாக வரைந்து குளியலறைச் சுவரில் ஒட்டிவிட்டால், அவர்களில் பலர் தாங்களாகவே பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொள்வார்கள்.

பள்ளிப் பையில் ஒரு சின்ன ஜிப் பை இருக்கட்டும். அதில் இரண்டு பேட், ஒரு ஜட்டி, பழைய செய்தித்தாளில் கிழித்த இரண்டு துண்டு, ஈரத்துணி வைக்க ஒரு பிளாஸ்டிக் கவர். பள்ளியில் வந்துவிட்டால் எந்த டீச்சரிடம் போய் என்ன சொல்ல வேண்டும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "மிஸ், எனக்குப் பீரியட்ஸ் வந்திருக்கு, பேட் வேணும்" என்று வீட்டில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால், அன்றைக்கு வாய் வரும்.

கழிப்பறை சரியில்லாத பள்ளியில் பெண்பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை, மாலைவரை மூத்திரத்தை அடக்குகிறார்கள். அதனால் மூத்திரத்தொற்றும் மலச்சிக்கலும் வருகின்றன. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, மூடி போட்ட குப்பைத்தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். அரசுப் பள்ளியென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசலாம். அரசுப் பள்ளி மாணவிகளுக்கும் கிராமத்து வளரிளம் பெண்களுக்கும் இலவச நாப்கின் வழங்கும் புதுயுகம் திட்டம் 2011-இல் அறிவிக்கப்பட்டது. உங்கள் பிள்ளைக்கு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று டீச்சரிடமோ ஊர் நர்ஸம்மாவிடமோ அங்கன்வாடியிலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த நாளும் சடங்கும்

"அம்மா, வந்துடுச்சு" என்று அவள் சொன்னதும் நீங்கள் காட்டும் முதல் முகம் அவளுக்கு நெடுநாள் நினைவிருக்கும். அழாதீர்கள், பதறாதீர்கள், "ஐயோ, அதுக்குள்ளயா" என்று தலையில் கை வைக்காதீர்கள். வயிறு வலிக்கிறதா, என்ன சாப்பிடுகிறாய் என்று கேளுங்கள். அதன் பிறகு, யாருக்கெல்லாம் சொல்லலாம் என்று அவளையே கேளுங்கள். நம் ஊரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் தாய்மாமனுக்கும் அத்தைக்கும் பக்கத்து வீட்டுக்கும் போன் போய்விடுகிறது.

மஞ்சள் நீராட்டைப் பற்றி என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மாமன் சீர் கொண்டு வருவதிலும், பெண்கள் கூடி மஞ்சள் பூசித் தண்ணீர் ஊற்றுவதிலும், புதுப் பாவாடை தாவணி கட்டி ஆரத்தி எடுப்பதிலும் அன்பு இருக்கிறது. பெண் விரும்பினால் நெருங்கிய சொந்தத்தோடு நடத்துங்கள். ஆனால் அவள் படத்தைப் போட்டுத் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்து, மண்டபம் பிடித்து, அவளோடு படிக்கும் பையன்கள் முன்னால் மேடையில் உட்கார வைப்பது அவளைக் கூசச் செய்யும் காரியம். "போட்ட மொய் திரும்பி வரணுமே" என்பதுதான் பல வீடுகளில் உண்மையான காரணம் என்று எனக்குத் தெரியும். பணக் கஷ்டம் உள்ள குடும்பத்துக்கு அது சின்ன விஷயமும் இல்லை. அப்படியானால் மொய் வாங்க வீட்டில் வேறு விசேஷம் இருக்கிறதா என்று பாருங்கள், காதுகுத்து, புதுமனைப் புகுவிழா, எதுவாகவும் இருக்கலாம். வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் அந்தச் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருக்க வேண்டும்.

விசேஷத்தில் முறைப்பையனைக் காட்டி "உன் மாப்பிள்ளை வந்துட்டான் பாரு" என்று கேலி செய்பவர்களை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அவள் 11 வயதுக் குழந்தை. உடல் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 18 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். பேச்சுக்குக்கூட அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பள்ளிக்கு ஒன்பது நாள், பதினாறு நாள் என்று மட்டம் போட வைக்காதீர்கள். உடம்பு சரியாக இருந்தால் மறுநாளே போகலாம். தலைக்கு ஊற்ற மூன்றாம் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை, தினமும் குளிக்கலாம், வெந்நீர் வலிக்கும் இதமாக இருக்கும். கோயிலுக்குப் போவது, பூஜையறைக்குள் வருவது உங்கள் வீட்டு நம்பிக்கையைச் சேர்ந்தது, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் தனித் தட்டு, தனிப் பாய், வெறுந்தரையில் படுக்கை, ஊறுகாய் ஜாடியைத் தொடாதே, தங்கச்சியைத் தூக்காதே என்பவை அந்தக் குழந்தைக்கு ஒன்றைத்தான் கற்பிக்கும்: நான் அசுத்தமானவள். அதை அவள் கற்க விடாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வழக்கம் பெரும்பாலும் நல்லதே. உளுந்தங்களி, கருப்பட்டி, எள்ளுருண்டை எல்லாம் தெம்பு தருபவை. பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மேலே நல்லெண்ணெயும் குடிக்க வைப்பது மட்டும் வேண்டாம். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். வேகவைத்த முட்டையின் புரதம்தான் உடம்பில் நன்றாகச் சேரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குமட்டக் குமட்ட விழுங்கியதையே தங்கள் முதல் மாதவிடாயின் நினைவாக வைத்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். அவித்த முட்டை ஒன்றை மிளகுத்தூள் தூவிக் கொடுங்கள், ஆசையாகச் சாப்பிடுவாள்.

சுத்தம், வலி, ரத்தச்சோகை

பேடை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கறை குறைவாக இருந்தாலும். துணி பயன்படுத்துவதில் தவறில்லை. பழைய பருத்திச் சேலைத் துணி நன்றாக உறிஞ்சும். குளிர்ந்த நீரில் அலசிவிட்டுச் சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காய வைக்க வேண்டும். யார் கண்ணிலும் படக்கூடாதென்று பாவாடைக்கு அடியிலோ குளியலறைக் கதவுக்குப் பின்னாலோ ஈரத்தோடு தொங்க விடுவதால்தான் துணியில் கிருமி வளர்கிறது. கொடியில் வெயில் படும் இடத்தை அந்தத் துணிக்குக் கொடுங்கள்.

கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும், மலத்துளையின் கிருமி முன்னால் வராமலிருக்க. வெளிப்பகுதியை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே தண்ணீர் அடிப்பது, சோப்பு, டெட்டால், மஞ்சள், வாசனைத் திரவம் எதுவும் கூடாது. உட்பகுதி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும், அங்கே இயல்பாக இருக்கும் நல்ல கிருமிகளை இவை அழித்துவிடும்.

பயன்படுத்திய பேடைக் கழிவறைக்குள் போடக்கூடாது. சுருட்டி, செய்தித்தாளில் சுற்றி, சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துத் தனியாகக் கொடுக்கச் சொல்லிக் கொடுங்கள். அதைக் கையால் பிரிக்கப் போகும் தூய்மைப் பணியாளரும் ஒரு பெண்ணாகவே இருப்பார், பெரும்பாலும். அவர் கையில் ரத்தம் படாமலிருப்பது நம் பொறுப்பு என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு நாள் அடிவயிறும் இடுப்பும் வலிப்பது இயல்பு. கர்ப்பப்பை சுருங்கி விரிவதால் வருவது அது. வெந்நீர்ப் பை, கொஞ்ச நேரம் நடப்பது, லேசான உடற்பயிற்சி எல்லாம் உதவும். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவர் சொன்ன அளவில் மெஃபனாமிக் அமிலமோ ஐபுபுரூஃபனோ சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கலாம். ஆஸ்பிரின் கூடாது. மாத்திரை போட்டால் பின்னால் குழந்தை பிறக்காது என்பது வெறும் பயம். "பொம்பளைன்னா தாங்கிக்கணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாத்திரைக்கும் கேட்காமல் மாதாமாதம் பள்ளிக்குப் போக முடியாத அளவு வலித்தால் அதற்குக் காரணம் இருக்கும், தேட வேண்டும்.

மாதாமாதம் ரத்தம் போகும் பெண்ணுக்கு இரும்புச்சத்து அதிகம் வேண்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, பயறு, கருவாடு, ஈரல் என்று வீட்டில் எது பழக்கமோ அதைக் கூட்டுங்கள். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் கீரையின் இரும்பு உடம்பில் நன்றாக ஏறும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைபடும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்பு மாத்திரையைப் பல பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறார்கள். வயிற்றைப் பிரட்டும், மலம் கருப்பாகப் போகும் என்ற பயம்தான் காரணம். கருப்பாகப் போவதால் கெடுதல் இல்லை, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போட்டால் பிரட்டலும் குறையும் என்று சொல்லி அனுப்புங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் குடற்புழு மாத்திரையையும் தவற விடாதீர்கள்.

அப்பாவும் அண்ணன் தம்பியும்

பேட் பாக்கெட்டைக் கருப்புக் கவரில் போட்டுத் தருவது மெடிக்கல்ஸ்காரரின் வழக்கம். உங்கள் வீட்டு ஆண்பிள்ளை அந்தக் கவரைப் பார்த்துத்தான் இது மறைக்க வேண்டிய சமாச்சாரம் என்று கற்கிறான். அவனையே கடைக்கு அனுப்புங்கள். அக்காவுக்கு வயிறு வலி என்றால் வெந்நீர் வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்பாக்கள் மகள் வளர்ந்ததும் விலகிப் போய்விடுகிறார்கள். நேற்றுவரை தோளில் தொங்கியவள், அப்பா ஏன் என்னைத் தொட்டுப் பேசுவதில்லை என்று தன்மேலேயே காரணம் தேடுவாள். அம்மா இல்லாத வீட்டில் அத்தையையோ பாட்டியையோ கூப்பிட்டுச் சொல்ல வைக்கலாம். ஆனால் "எனக்கும் தெரியும்டா, எது வேணாலும் அப்பாகிட்ட கேளு" என்பதை அப்பாதான் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பற்றிப் பேசப் பழகிய பிள்ளை, தகாத தொடுதலையும் சொல்லும். உள்ளாடை மறைக்கும் இடங்களை யாரும் தொடவோ பார்க்கவோ படம் எடுக்கவோ கூடாது, மாமாவானாலும் வாத்தியாரானாலும். அப்படி நடந்தால் அவள்மேல் தப்பில்லை, ரகசியம் காக்கச் சத்தியம் வாங்கியிருந்தாலும் உங்களிடம் சொல்லலாம். இவற்றையும் இந்தப் பேச்சோடு சேர்த்துவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இலவசம், எந்நேரமும் கூப்பிடலாம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் பொருந்தும்.

எப்போது மருத்துவரிடம்

முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு நாள் கணக்குத் தப்பித் தப்பித்தான் வரும். ரத்தம் பட்ட முதல் நாளிலிருந்து அடுத்த முறையின் முதல் நாள் வரை 21 முதல் 45 நாள், ரத்தம் போவது 2 முதல் 7 நாள் என்றால் இந்த வயதில் சரிதான். மாதக் காலண்டரில் முதல் நாளைச் சுற்றி வட்டம் போட அவளையே பழக்குங்கள்.

8 வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தாலோ, 13 ஆகியும் அரும்பாவிட்டாலோ, 15 ஆகியும் மாதவிடாய் வராவிட்டாலோ காட்ட வேண்டும். வந்த பிறகு மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி விழுந்தாலும், 7 நாளுக்கு மேல் போனாலும், ஒரு மணி இரண்டு மணிக்கு ஒரு பேட் நனைந்தாலும், மயக்கம் வந்தாலும் காத்திருக்காதீர்கள். முதல் மாதவிடாயே மிக அதிகமாகப் போனால் ரத்தம் உறைவதில் குறை இருக்கலாம். மூக்கில் அடிக்கடி ரத்தம் வரும் பிள்ளை, சின்ன இடிக்கும் உடம்பில் நீலம் பாரிக்கும் பிள்ளை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

போன இடத்தில் கர்ப்பப்பை வாய்ப்புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் குறைந்த டோஸ் போதும், 15 ஆகிவிட்டால் மூன்று டோஸ் வேண்டும். புனேவில் உள்ள சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் 2023 முதல் இந்தியாவிலேயே கிடைக்கிறது. அரசு மருத்துவமனையில் எப்போது போடுகிறார்கள் என்று நர்ஸம்மாவிடம் விசாரியுங்கள்.

மருத்துவர் அறைக்குள் போனதும் எல்லாக் கேள்விக்கும் நாமே முந்திக்கொண்டு பதில் சொல்வது நம் பழக்கம். காலண்டர் தாளைக் கிழித்து அவள் கையில் கொடுத்துவிடுங்கள். கடைசியாக எப்போது வந்தது, எத்தனை நாள் இருந்தது, எங்கே வலிக்கிறது என்பதை அவளே சொல்லட்டும். மருத்துவர் உங்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னால் தயங்காமல் எழுந்து வாருங்கள்.